கிங், மானார்க், சாவரின்: மார்த்தாண்ட வர்மா இதில் யார்?

பிளஸ் டூ படிக்கும் அக்கா மகள் போன வாரம் கேட்டாள்: “மாமா, கிங், மானார்க், சாவரின் மூணுமே ராஜாதானே, எதுக்கு மூணு வார்த்தை?” தக்கலைக்காரனிடம் ராஜா கதையைக் கேட்டால் சும்மா விடுவேனா?

கிங் வீட்டு வார்த்தை, பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. உறவு, குலம் என்று பொருள்படும் ‘கின்’ என்ற சொல்லோடு சொந்தம் என்பார்கள். ஆணுக்கு மட்டும்தான் ஆகும், பெண் என்றால் குயின். மானார்க்குக்கு அந்தச் சிக்கல் இல்லை, எலிசபெத்தும் மானார்க், சார்லஸும் மானார்க். கிரேக்கத்தில் மோனோஸ் என்றால் தனி, ஆர்க்கெய்ன் என்றால் ஆள்வது. ஒற்றை ஆள் ஆட்சி. இன்றைக்கு லண்டனில் பார்லிமென்ட் நிறைவேற்றியதற்கு ஒப்புதல் தருபவரையும் அதே பெயரில்தான் அழைக்கிறார்கள் என்பது வேறு விஷயம். (நம்ம ‘வேந்தர்’ மட்டும் என்ன, சேர சோழ பாண்டியரை விட்டுவிட்டு பல்கலைக்கழகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார்.)

எனக்குப் பிடித்தது சாவரின். லத்தீனில் ‘சூப்பர்’, அதாவது மேலே; தனக்கு மேலே யாரும் இல்லாதவர்தான் சாவரின். அது பிரெஞ்சு வழியாக வந்தது. எழுத்தில் நடுவே ஒரு ‘ஜி’ உண்டு, வாயில் வராது; ஆட்சி என்று பொருள்படும் ‘ரெய்ன்’ என்ற சொல்லைப் பார்த்து யாரோ செருகியது. 1489இல் ஏழாம் ஹென்றி தன் உருவம் அரியணையில் இருக்கும்படி தங்கக் காசு அடித்தபோது காசுக்கும் அதே பெயர். 1817இல் புதிதாக அடித்த சாவரின் 22 காரட், 7.98 கிராம். பேப்பரில் தினமும் ‘சவரனுக்கு இவ்வளவு’ என்று பார்க்கிறோமே, அந்த 8 கிராம் இதுதான். மார்த்தாண்டம் நகைக்கடையில் பவுன் என்போம், களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் பவன்.

சரி, மூன்றும் ஒன்றில்லை என்பதற்குச் சாட்சி தக்கலைக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் பத்மநாபபுரம் அரண்மனை. 1750 ஜனவரியில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா தன் நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வாளைத் திரும்ப வாங்கி ‘பத்மநாப தாசன்’ என்ற பெயரில் ஆண்டார். கிங்தான், மானார்க்கும்தான். ஆனால் சாவரின்? அது சாமி. அங்கே உப்பரிகை மாளிகையில் ஏறிப் பாருங்கள், ராஜாவின் படுக்கையறை கீழே, சுவரெல்லாம் ஓவியம் வரைந்த பூஜை அறை உச்சி மாடியில். ‘மேலே’ என்ற மூலப் பொருளை தச்சன் அப்படியே கட்டிவைத்த மாதிரி இருக்கும்.

அப்புறம் வெள்ளைக்காரன் வந்தான். கிங் என்ற பட்டத்தைத் தன் ராஜாவுக்கே வைத்துக்கொண்டு, இங்கே இருந்தவர்களை ‘பிரின்ஸ்’ என்று இறக்கிவிட்டான். மகாராஜா என்று நாம் கூப்பிட்டாலும் அவன் கணக்கில் இளவரசர்தான்!

பரீட்சையில் கிங், மானார்க் இரண்டுக்கும் மன்னர் என்று எழுதலாம். சாவரினுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அப்படி எழுதாதே என்றேன், அரசியலமைப்பின் முகப்புரையில் நம் நாட்டையே சாவரின் என்றுதான் எழுதியிருக்கிறது, அங்கே ராஜா ஏது? இறையாண்மை என்று எழுது. “அப்போ சவரன்னா இறையாண்மையா மாமா?” என்று கழுத்துச் சங்கிலியைத் தடவிப் பார்த்தாள்.