பழைய கணினியை விற்கும் முன்: அழிப்பதா, உடைப்பதா?

பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் அத்தை, பழைய கணினியை எஸ்.பி. ரோடு கணினிச் சந்தையில் விற்கப் போகிறார். "எல்லாவற்றையும் டெலிட் செய்துவிட்டேனே" என்றார். டெலிட் செய்தால் கோப்பு கண்ணுக்குத்தான் மறையும். பான் அட்டை நகலும் வங்கிக் கணக்கு விவரமும் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கிலேயே கிடக்கும். இலவச மென்பொருள் ஒன்று போதும், தோண்டி எடுத்துவிடலாம்.

வழி இரண்டு: டிஸ்க் முழுவதும் பழைய தகவலின் மேல் வேறு எதையாவது எழுதி (மேலெழுதி) அழிப்பது, கழற்றித் துளையிட்டு உடைப்பது.

செலவு: அழிக்கும் மென்பொருள் இலவசம். உடைத்தால் டிஸ்க்கின் விலை போயிற்று.

நேரம்: 1 டெராபைட் டிஸ்க்கை அழிக்கச் சில மணி நேரம்; இரவில் ஓடவிட்டுத் தூங்கலாம். உடைக்கச் சில நிமிடங்கள், கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

நம்பகம்: சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒருமுறை பூஜ்யங்களை எழுதினாலே போதும், ஏழு முறை எழுத வேண்டும் என்பது பழைய பயம். சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி வேறு சாதி. தேய்மானத்தைப் பரப்புவதற்காக எழுதும் இடத்தை அது மாற்றிக்கொண்டே இருக்கும். மேலெழுதினாலும் பழைய தகவல் மூலையில் ஒளிந்திருக்கலாம். அதற்கென்றே உள்ள 'செக்யூர் இரேஸ்' கட்டளைதான் சரி. உடைப்பதென்றால் ஒவ்வொரு நினைவகச் சில்லும் உடைய வேண்டும். ஓரத்தில் ஒரு துளை வெறும் அலங்காரம்.

ஓடுகிற கணினியை அழித்துவிட்டு விற்கலாம். டிஸ்க் பழுதாகி எழுதவே முடியவில்லை என்றால், உடைத்து மின்கழிவு மறுசுழற்சிக்குக் கொடுப்பதே வழி. அத்தையுடையது ஓடுகிறது, இன்றிரவு அழிக்கப் போடுகிறோம்.