பாண்டியில் ஒரு தட்டு சால்மன் சினை: ருசி சரி, சீசன் தப்பு

ஏப்ரல் கடைசி. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது, கடலூர் முதுநகரில் விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிறது, வஞ்சிரம் கேட்டால் யானை விலை குதிரை விலை சொல்கிறார்கள். சரி, பாண்டியில் போய்ச் சாப்பிடலாம் என்று தங்கச்சி குடும்பத்தோடு ஒயிட் டவுனில் ஒரு சின்ன பிரெஞ்சு உணவகத்துக்குப் போனோம்.

மெனுவில் 'நார்வே வசந்த காலப் புதுச் சால்மன் சினை' என்று போட்டிருந்தது. 650 ரூபாய். வாட்டிய ரொட்டி, அதன் மேல் கொஞ்சம் கிரீம், அதற்கும் மேல் ஆரஞ்சு நிற முத்து மாதிரி ஒரு கரண்டி சினை. பல்லில் பட்டதும் பட் பட்டென்று உடைந்து உப்பும் எண்ணெயுமாக நாக்கில் இறங்குகிறது. வீட்டில் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் போட்டு வறுக்கும் சினை ஒரு ரகம், இது வேறு ரகம். ருசியில் குறையே சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த 'வசந்த காலப் புது'? மீன்வளம் படித்தவனிடமா! அந்த ஊர் ஆறுகளில் சால்மன் முட்டையிடுவதே இலையுதிர் காலத்தில்தான் தொடங்கும். பெண் மீன் வாலால் சரளைக்கல்லை அடித்துக் குழி பறித்து, முட்டை போட்டு, கல்லாலேயே மூடிவிடும். அது பொரிவது தண்ணீரின் குளிரைப் பொறுத்தது: தினசரி வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே வந்தால் அட்லாண்டிக் சால்மனுக்கு ஏறக்குறைய 500 டிகிரி சேர வேண்டும், அதாவது 5 டிகிரி தண்ணீரில் 100 நாள். பொரிந்த குஞ்சும் உடனே வெளியே வராது, வயிற்றில் தொங்கும் மஞ்சள் கருவை வைத்து ஓட்டிக்கொண்டு கல்லிடுக்கிலேயே பல வாரம் கிடந்து, வசந்தத்தில் பூச்சி புழு பெருகும் நேரம் பார்த்து மேலே வரும். ஏப்ரலில் அங்கே ஏது புதுச் சினை? தட்டில் வந்தது பெரும்பாலும் போன சீசனில் எடுத்து உப்பு போட்டதாக இருக்கும். அதில் தப்பே இல்லை, அப்படித்தான் விற்பார்கள், 'புது' என்று எதற்கு எழுத வேண்டும்? ரெயின்போ டிரவுட் சினை என்றிருந்தால்கூட விட்டிருப்பேன், அது பொதுவாக வசந்தத்தில் முட்டையிடுகிற சாதி.

பரிமாறிய தம்பியிடம் இதைச் சொன்னேன். "கார்டு அடிச்சது ஓனர் சார்" என்று சிரித்தார். தங்கச்சி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

அப்புறம் வந்த வெண்ணெயில் பொரித்த டிரவுட் (இமாச்சலில் இருந்து ஐஸில் வருகிறதாம்) அருமை, முள் சுலபமாகக் கழன்று வருகிறது, பிள்ளைகளுக்குத் தைரியமாகத் தரலாம். காபி சுமார். சனி ஞாயிறு போகாதீர்கள், முக்கால் மணி நேரம் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.