வேலைக்குப் போகும் அம்மாவுக்குப் பால்புட்டியா, பாலாடையா?

26 வாரப் பேறுகால விடுப்பில் ஆறு வாரம் பிரசவத்துக்கு முன்பே கழிந்துவிட்டது. வேலைக்குத் திரும்பிய அன்று மகனுக்கு ஐந்து மாதம்கூட நிறையவில்லை. நேரடித் தாய்ப்பாலுக்கு ஈடு எதுவுமில்லை. அதில் பேச்சே இல்லை. நான் வீட்டில் இல்லாத ஒன்பது மணி நேரத்துக்கு என்ன செய்வது?

டின் பால் வேண்டாம் என்று சீக்கிரமே முடிவெடுத்தோம். அந்த வயதில் அதை மட்டுமே குடிக்கிற பிள்ளைக்கு 400 கிராம் டின் நாலு நாள் வருவதே கஷ்டம். இழுத்துப்பிடிக்க நினைத்துத் தண்ணீரைக் கூட்டினால் பிள்ளைக்குச் சத்து குறையும். அதனால் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். அதை எதில் புகட்டுவது என்பதில்தான் அண்ணியும் நானும் வேறுபட்டோம். அவருக்குப் புட்டி, எனக்கு மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடை.

நான் பாலாடைக்குச் சாய்ந்ததற்குக் காரணம் கழுவுவதுதான். புட்டிக்கு ரப்பர், வளையம், மூடி, குறுகிய கழுத்து என்று எத்தனை இடுக்கு! அண்ணி வீட்டில் கழுவிக் கவிழ்த்திருந்த ரப்பரை ஒருநாள் உள்பக்கமாகத் திருப்பினேன். மடிப்பில் வெண்ணெய் போல ஒரு படலம், விரலில் வழுக்கியது. அண்ணி அவ்வளவு சுத்தம் பார்ப்பவர். ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் பிரஷ் போட்டுத் தேய்த்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வர அந்தப் படலம் போதும். பாலாடை வாய் திறந்த எவர்சில்வர் கிண்ணம். விரல் போகாத மூலை கிடையாது. சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் முடிந்தது.

புகட்டத்தான் பொறுமை வேண்டும். என் மாமியார் பிள்ளையின் தலையை உயர்த்தி மடியில் சாய்த்து, பாலாடை மூக்கைக் கீழுதட்டில் வைப்பார். அவனே நாக்கை நீட்டி இழுத்துக்கொள்வான். வாய்க்குள் ஊற்றவே கூடாது, புரையேறிவிடும். கொஞ்சம் வழியத்தான் செய்யும். அரை மணி நேரம் உட்கார்ந்து எடுத்த பால் துணியில் ஊறுவதைப் பார்த்தால் வயிறு எரியும். முதல் நாள், ஃப்ரிட்ஜில் இருந்த பாலில் கொழுப்பு மேலே பிரிந்து நின்றதைப் பார்த்து, திரிந்துவிட்டது என்று அத்தை கொட்டப் போனார். சுடுதண்ணீரில் கிண்ணத்தை வைத்து லேசாக அசைத்தால் சேர்ந்துவிடும் என்று போனில் சொல்லித் தடுத்தேன்.

அத்தை இல்லாவிட்டால் எனக்கும் புட்டிதான். அண்ணி வீட்டில் அவரும் அண்ணனும் மட்டுமே. பகலில் பிள்ளை காப்பகத்தில். ஆறேழு குழந்தைகளைப் பார்க்கும் ஆயா ஒரு பிள்ளைக்கு இருபது நிமிஷம் பாலாடை பிடிக்க முடியுமா? அண்ணியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அண்ணி மகள் ஆறாம் மாதம் மார்பில் குடிக்க மறுத்தாள். அது புட்டியால்தான் என்று ஒரு பிள்ளையை வைத்து நான் சொல்ல மாட்டேன். என் மகன் நிறைமாதத்தில் நல்ல எடையோடு பிறந்தவன். குறைமாதப் பிள்ளைக்கு மருத்துவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது அவனுக்கு எட்டு மாதம். டம்ளரை ரெண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர் குடிக்கிறான். பாலாடை மருந்து கொடுக்க மட்டும் வெளியே வருகிறது.