3 சீரிஸ் காருக்குக் குளிர்கால டயரும் ரிம்மும்: மாண்ட்ரியலுக்கு எது, டொராண்டோவுக்கு எது?

கனடாவில் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் வைத்திருப்பவர்களில் பலர், கார் எக்ஸ்டிரைவ் என்பதாலேயே குளிர்காலக் கவலை தீர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். நான்கு சக்கரங்களுக்கும் விசை போவதால் கார் பனியில் சிரமமின்றிப் புறப்படும், மேடும் ஏறும். ஆனால் சிவப்பு விளக்கைக் கண்டு பிரேக்கை மிதித்த பிறகு எக்ஸ்டிரைவால் ஆகப்போவது எதுவுமில்லை. அப்போது காரை நிறுத்த வேண்டியது ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் அந்த உள்ளங்கை அளவு ரப்பர்தான். வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கியதுமே கோடைக்கால டயரின் ரப்பர் இறுகத் தொடங்குகிறது. ஆகவே பனியே விழாத நவம்பர்க் காலையில்கூட அந்த டயரில் ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கியூபெக்கில் இதைச் சட்டமே முடிவு செய்துவிட்டது: டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, மலைக்குள் பனித்துகள் பொறித்த சின்னமுள்ள டயரோ ஆணி பதித்த டயரோ கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. எனினும் குளிர்கால டயர் போட்டவர்களுக்கு அங்குள்ள கார் காப்பீட்டு நிறுவனங்கள் 2016 முதல் கட்டணச் சலுகை தந்தே ஆகவேண்டும். ஆனால் அந்த மலைச் சின்னத்தை மட்டும் நம்பி வாங்கிவிடக் கூடாது. இறுகிய பனித்தூளின் மீது டயருக்குள்ள பிடிப்பைச் சோதித்தே அது வழங்கப்படுகிறது; உறைந்த பனிக்கட்டியில் அந்த டயர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது சொல்வதில்லை.

இங்கேதான் ஸ்போர்ட்டி செடான் வைத்திருப்பவருக்கு உண்மையான தேர்வு தொடங்குகிறது. ஒரு பக்கம் மிஷ்லான் பைலட் ஆல்பின் 5, பிரெல்லி விண்டர் சொட்டோசீரோ 3 போன்ற ஐரோப்பிய பெர்ஃபார்மன்ஸ் வகைக் குளிர்கால டயர்கள். மறுபக்கம் பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக் டபிள்யூஎஸ்90, மிஷ்லான் எக்ஸ்-ஐஸ் ஸ்நோ, நோக்கியன் ஹக்கபெலீட்டா ஆர்5 போன்ற, ஆணி இல்லாத பனிக்கட்டி டயர்கள். இரண்டையும் கடையில் அருகருகே வைத்து விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தாலே வேறுபாடு புரியும். பின்னதன் ரப்பர் மெதுவாக உள்வாங்கும். அதன் மேற்பரப்பில் தரையைத் தொடும் ஒவ்வொரு ரப்பர்க் கட்டத்திலும் நெளிநெளியான மெல்லிய கீறல்கள் நெருக்கமாக ஓடும். முன்னதில் கட்டங்கள் பெரியவை, உறுதியானவை, கீறல்கள் குறைவு, நீரையும் சகதிப்பனியையும் வெளியேற்றும் வாய்க்கால்கள் அகலம்.

இந்த வேறுபாட்டின் பலன் சாலையில் நேரடியாகத் தெரியும். பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே உள்ள பனிக்கட்டியின் மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால், மைனஸ் 20ஐ விட மைனஸ் 2இல்தான் அது அதிகம் வழுக்கும். பிளிசாக் ரப்பரின் நுண்துளைகளும் மற்றவற்றின் கீறல்களும் அந்தப் படலத்தை உறிஞ்சி விலக்கவே அமைந்தவை. பெர்ஃபார்மன்ஸ் வகை அங்கே தோற்கும். ஆனால் 5 டிகிரியில் மழை பெய்து நனைந்த நெடுஞ்சாலையில் நிலைமை தலைகீழாகும்: ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் பெர்ஃபார்மன்ஸ் டயர் பதில் சொல்லும், பிரேக் தூரமும் குறையும், பனிக்கட்டி டயரோ சற்றே நெளிந்து, தயங்கித் திரும்பும், வெப்பமான தார்ச்சாலையில் விரைவாகத் தேயவும் செய்யும்.

வேக மதிப்பீட்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மணிக்கு 240 கி.மீ. தாங்கும் வி மதிப்பீடு வேக வரம்பில்லாத பகுதிகளுள்ள ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் பொருள் உள்ளது. பெரும்பாலும் 100, 110 கி.மீ. வரம்புள்ள கனடாவின் நெடுஞ்சாலைகளுக்கு 170 தாங்கும் ஆர் மதிப்பீடே போதும்.

எனவே மாண்ட்ரியல்வாசிக்கு என் பதில் தயக்கமற்றது: பனிக்கட்டி டயர். தெருவோரக் குவியலும் இரவில் உறைந்த சந்திப்புகளும் அங்கே மாதக்கணக்கில் நீடிக்கும். டொராண்டோவில் 401ஆம் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய் வருபவர், பெரும்பாலும் உப்புத் தூவிய ஈரத்தார்ச்சாலையைத்தான் சந்திக்கிறார்; அவருக்குப் பெர்ஃபார்மன்ஸ் வகை நியாயமான தேர்வு. வாரயிறுதியில் வடக்கே பனி அதிகம் விழும் பாரி, காலிங்வுட் பக்கம் போகிற பழக்கமுள்ளவர் என்றால், ஸ்டியரிங் சுகத்தைச் சற்றே விட்டுக்கொடுத்துப் பனிக்கட்டி டயரையே போட வேண்டும். ஆணி பதித்த டயருக்குத் தெற்கு ஒன்டாரியோவில் அனுமதி இல்லை என்பதால் அந்தப் பேச்சை அங்கே விட்டுவிடலாம். மிஷ்லான் கிராஸ்கிளைமேட் 2 போன்ற எல்லாப் பருவ நிலைக்குமான டயர்கள் மலைச் சின்னம் பெற்றவையே. கியூபெக் சட்டத்துக்கும் பொருந்தும். ஆனால் கோடையில் இந்தக் காரின் கூர்மையை மழுங்கடித்துவிட்டு, பனிக்கட்டியிலும் இரண்டாம் இடத்திலேயே நிற்பதால் 3 சீரிசுக்கு அவற்றை நான் ஏற்கவில்லை.

ரிம் அளவில் 17 அங்குலமா, 18ஆ, 19ஆ என்ற கேள்வியில் அழகு ஒரு பக்கமும் குழிகள் மறுபக்கமும் இழுக்கின்றன. 2019 மாடல் முதல் வரும் ஜி20 வகைக் காரில் 225/50ஆர்17, 225/45ஆர்18 (டயரின் அகலம் மி.மீ.இல், பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தின் சதவீதமாக, ரிம் விட்டம் அங்குலத்தில்) ஆகிய இரண்டின் மொத்த விட்டமும் 657, 660 மி.மீ. என ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் டயரின் பக்கச்சுவர் 17இல் 112 மி.மீ., 18இல் 101 மி.மீ. 19 அங்குலத்தில், முன்னே 225/40, பின்னே 255/35 என்று போட்டால் பக்கச்சுவர் 90 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். பிப்ரவரியில் பனி உருகித் திறக்கும் குழியில் ரிம் வளைவதும் டயர் புடைப்பதும் பெரும்பாலும் இந்தக் குறைவினால்தான். அகலமான பின் டயர் பனியை வெட்டி இறங்காமல் மிதக்கப் பார்க்கும்; முன்பின் அளவு வேறானால் டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன்செய்யவும் முடியாது. நான்கும் ஒரே அளவிலான 17 அங்குலமே என் தேர்வு. எம் ஸ்போர்ட் பிரேக் உள்ள கார்களில் பெரிய கேலிப்பர் (பிரேக் பட்டைகளை அழுத்தும் பகுதி) ரிம்மில் இடிக்கக்கூடும் என்பதால், பணம் கட்டுமுன் அந்த ரிம்மைப் பொருத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும், இடித்தால் 18.

இரும்பு ரிம் மலிவானது, ஆனால் கனமானது, உப்பில் துருப்பிடிப்பது. இந்தக் காருக்கு எளிய வடிவமுள்ள வார்ப்பு அலாய் ரிம்மே போதும். ஆரக்கால்கள் குறைவாக இருந்தால் உப்பைக் கழுவுவதும் எளிது. 5×112 போல்ட் அமைப்பும் (112 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து போல்ட்) 66.5 மி.மீ. மையத் துளையும் சரியாகப் பொருந்த வேண்டும். துளை பெரிதாக இருந்தால் இடைவளையம் போடாமல் ஓட்டக் கூடாது, நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும்.

ஒரே ரிம்மில் ஆண்டுக்கு இருமுறை டயரைக் கழற்றி மாட்டுவது முதலில் மிச்சமாகத் தோன்றும். நான்கைந்து பருவங்களில் அந்தக் கூலியே ரிம் விலையை நெருங்கிவிடும், டயரின் விளிம்பும் கிழியக்கூடும். தனி ரிம்மில் இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம். மாற்றும்போது ஹப்பின் (ரிம் பொருந்தும் அச்சுமையத்தின்) துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்து, போல்ட்டை 140 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, 100 கி.மீ. ஓடியபின் மீண்டும் சரிபார்க்க வேண்டும். கட்டத்தின் ஆழம் 4 மி.மீ.க்கு வந்துவிட்ட டயரை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், அடுத்த குளிர்காலத்துக்கு எடுத்து வைக்க வேண்டாம்.