கன்ட்ரோல் ரூம் அமைக்க முன்பணம் கொடுப்பவர்கள் கவனிக்கவும்: ரூ.1,85,000 போயிற்று

மாடியில் ஒரு சிறிய கன்ட்ரோல் ரூம், அதாவது பாடல்களைக் கேட்டு மிக்ஸ் செய்யும் ஸ்டூடியோ அறை, அமைக்க ரூ.1,85,000 கொடுத்து ஏமாந்திருக்கிறேன். நேற்றுதான் முழு உண்மையும் தெரிந்தது. சாலிகிராமம், வடபழனிப் பக்கம் என்னைப்போலச் சொந்தமாக அறை போட நினைக்கும் எவரும் இதே வலையில் விழக்கூடாது என்பதற்காகவே உடனே எழுதுகிறேன்.

வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஓர் இணையதளத்தின் வழியாக அந்த ஒப்பந்தக்காரர் வந்தார். என் அறை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 10 அடி. அவர் நான்கு மூலைகளிலும் நின்று கைதட்டினார். கண்ணை மூடி எதிரொலியைக் கேட்டார். "சார், சதுர அறை அமைவது அதிர்ஷ்டம், சத்தம் சமமாகப் பரவும்" என்றார். அந்தக் கைதட்டலைப் பார்த்துத்தான் நம்பினேன். நகையை அடகு வைத்து வாங்கிய ரூ.1,85,000 முழுவதையும், வேலை தொடங்குமுன்பே அனுப்பிவிட்டேன்.

கைதட்டினால் சுவர்களுக்கிடையே படபடக்கும் மேல் ஒலிதான் (கூர்மையான ஒலி) தெரியும், பேஸ் என்னும் கனத்த தாழ்ந்த ஒலி தெரியாது என்பதை இப்போது அறிவேன். மூன்று அளவும் ஒன்றாக உள்ள அறையில் மூன்று திசைகளின் ஒத்ததிர்வும் (சுவர்களுக்கிடையே ஒலி தானே பெருகி முழங்குவது) ஒரே அதிர்வெண்ணில், என் அறையில் ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸில், ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிடும். அறையின் நட்டநடுவில் அது அடங்கி, சுவரோரத்திலும் மூலையிலும் முழங்கும். அவர் என் நாற்காலியைப் போடச் சொன்னது அந்த நட்டநடுவில்தான். பேஸ் கிட்டாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். அது எனக்குக் கேட்காததால் ஏற்றி ஏற்றி வைத்தேன். நான் மிக்ஸ் செய்து (குரலையும் இசையையும் அளவாகக் கலந்து) கொடுத்த பக்திப் பாடல்களைக் காரில் கேட்ட வாடிக்கையாளர், "குரலே இல்லை, ஒரே முழக்கம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

ஒப்பந்தக்காரரை அழைத்தால், முதலில் "பசை காய 15 நாள் ஆகும்" என்றார், பிறகு "ஸ்பீக்கரை மாற்றிப் பாருங்கள்" என்றார், பிறகு எடுக்கவேயில்லை. நேற்று, அவர் சுவரில் ஒட்டிய ஒலி உறிஞ்சும் பலகை ஒன்றின் துணியைக் கிழித்தேன். வாய்மொழியாகச் சொன்ன 4 அங்குல ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கல்நார் போன்ற கம்பளம் அல்ல, பாறையிலிருந்து செய்யும் பஞ்சு) இருக்க வேண்டிய இடத்தில் 1 அங்குல ஃபோம் இருந்தது. தாழ்ந்த ஒலியை உறிஞ்ச மூலைகளில் நிற்கும் பேஸ் ட்ராப்புகள் வெறும் கூடு. அவ்வளவு மெல்லிய ஃபோம் மேல் ஒலியை மட்டுமே விழுங்கும். அறை மந்தமாகுமே தவிர, 56 ஹெர்ட்ஸை அது தொடக்கூட முடியாது. இணையதளத்தாரோ, "புகார் செய்ய 7 நாள்தான் அவகாசம், ரசீதில் 'ஒலி உறிஞ்சும் பலகை 24' என்றுதானே இருக்கிறது, அது வந்துவிட்டதே" என்கிறார்கள். ரூ.1,85,000க்கு இதுதான் பதிலா?

ஆகவே ரசீதில் பொருளின் பெயர், தடிமன், அடர்த்தி மூன்றையும் எழுதி வாங்குங்கள். ஒரு பலகையையாவது உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். அளவிடும் மைக் வைத்து முன்னும் பின்னும் அளந்து காட்டாதவருக்குப் பாக்கித் தொகையைக் கொடுக்காதீர்கள். கைதட்டிப் பார்ப்பவரை நம்பாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் இன்று காலை புகார் பதிந்துவிட்டேன். கிழித்த பலகையை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன்.