பேங்காக்கில் விமானம் மாறுகிறீர்களா? 38,400 ரூபாய் போனவன் சொல்கிறேன், உஷார்

38,400 ரூபாய். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பல நிறுவனங்களின் விமான டிக்கெட்டுகளை ஒரே இடத்தில் காட்டி விற்கும் இணையதளம் ஒன்று. சென்னையிலிருந்து டோக்கியோவுக்குத் தேடினேன். பேங்காக்கில் மாற வேண்டும், இடையில் 3 மணி 20 நிமிடம் என்று காட்டியது. ஆனால் இறங்குவது டான் முயாங், அடுத்த விமானம் கிளம்புவது சுவர்ணபூமி. ஊர் ஒன்று, விமான நிலையம் இரண்டு. அது உறுத்தியதால் பணம் கட்டும் முன் அவர்களுடைய வாடிக்கையாளர் சேவைக்கே போன் போட்டுக் கேட்டேன்.

எடுத்த பையனுக்கு அவ்வளவு பொறுமை. "சிஸ்டத்துல பார்த்துட்டேன் சார். ரெண்டுக்கும் நடுவுல 29 கிலோமீட்டர்தான், அரை மணி நேரத்துல போயிடலாம். தினமும் இதே டிக்கெட் போட்டுத் தர்றோம், நம்பி எடுங்க." குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. பயணம் நல்லபடியாக அமையட்டும் என்று வாழ்த்து வேறு. அந்தக் குரலை நம்பித்தான் கார்டு எண்ணைத் தட்டினேன்.

அந்த 29 கிலோமீட்டர் பொய்கூட இல்லை, அதுதான் எரிச்சல். வரைபடத்தில் ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு நேர்க்கோடு போட்டு அளந்த தூரம் அது. டாக்சி அந்தக் கோட்டின் மேலா ஓடும்? சாலையில் 40 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் பேங்காக்கின் காலை நெரிசலில். இரண்டு விமானத்துக்கும் தனித்தனி டிக்கெட் என்பதால் பெட்டியும் தானாக அடுத்த விமானத்துக்குப் போகாது. இமிக்ரேஷன் வரிசையில் நின்று தாய்லாந்துக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, டாக்சி பிடித்து, அங்கே மறுபடி செக்-இன். புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். சென்னையிலிருந்து 2,200 கிலோமீட்டரை மூன்றரை மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். இந்த 40 கிலோமீட்டரில் போனது 38,400 ரூபாய். அங்கேயே வாங்கிய புது டிக்கெட் தனிக் கணக்கு.

விமான நிறுவனம் 'நோ-ஷோ' (பயணி வரவில்லை) என்று முடித்துக்கொண்டது. இணையதளமோ, "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, விமான நிறுவனத்தைக் கேளுங்கள்" என்றது. பையன் போனில் சொன்னதை எடுத்துச் சொன்னால், அழைப்புப் பதிவைத் தர விதியில் இடமில்லையாம். சாட்டில் ஒரு எந்திரம் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று வருந்தியது. அப்புறம் ஒரு மேலதிகாரி, விமான நிலைய வரி மட்டும் திரும்ப வரலாம் என்றார். எப்போது என்று கேட்டேன், லைன் கட்.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள்: டிஎம்கே (கட்சி இல்லை) என்றால் டான் முயாங், பிகேகே என்றால் சுவர்ணபூமி. இரண்டு பயணமும் ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) இல்லையென்றால், நடுவில் விமானம் தவறினால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். போனில் சொல்வதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள்; தரமாட்டேன் என்றால் வாங்காதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். இதே 29 கிலோமீட்டரை நம்பி மாட்டியவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம். என் 38,400 ரூபாயை விடுவதாக இல்லை.