டென்மார்க்கின் ஆய்வாளர் வரித்திட்டம்: யாருக்கு லாபம்?

வெளிநாட்டிலிருந்து டென்மார்க்குக்கு வேலைக்கு வரும் ஆய்வாளர்களும் உயர்பணியாளர்களும் சாதாரண வரிக்குப் பதிலாகத் தேர்ந்தெடுக்கக்கூடிய சிறப்பு வரித்திட்டம் இது. கணக்கு எளிமை என்பதுதான் இத்திட்டத்தின் முதல் பலம். சம்பளத்தில் முதலில் 8% தொழிலாளர் சந்தைப் பங்களிப்பு என்ற கட்டாயப் பிடித்தம் போகும். மிச்சத்தில் 27% வரி. ஆக மொத்தம் 32.84%. மாதச் சம்பளம் 50,000 குரோனர் (டென்மார்க் நாணயம்) என்றால் முதலில் 4,000, பிறகு 46,000-இல் 27%, அதாவது 12,420, கைக்கு 33,580. இப்படி 84 மாதங்கள் வரை. 2018-க்கு முன் 60 மாதங்கள், 26% என்றிருந்தது.

அங்கீகரிக்கப்பட்ட ஆய்வாளருக்குக் குறைந்தபட்சச் சம்பள நிபந்தனை கிடையாது. மற்ற உயர்பணியாளர்களுக்கு உண்டு. ஆனால் ஆய்வாளருக்கு முனைவர் பட்டத்துக்கு இணையான தகுதி வேண்டும். முனைவர் பட்ட மாணவர்கள் பொதுவாக இத்திட்டத்தையே மறந்துவிடலாம்.

பலர் வழுக்கி விழுவது 10 ஆண்டு விதியில்தான். வேலையில் சேர்வதற்கு முந்தைய 10 ஆண்டுகளில் அங்கே வரிக் கடமை இருந்திருக்கக் கூடாது. முதுநிலை படித்தபோது கோபன்ஹேகனில் பகுதி நேரமாகப் பார்த்த சின்ன வேலைகூட பொதுவாகக் காலை வாரிவிடும். வேலை தொடங்குவதற்கு வெகு முன்பே குடியேறினாலும் சிக்கல்தான். வரிக் கடமையும் வேலையும் ஏறத்தாழ ஒன்றாகத் தொடங்க வேண்டும். விமான டிக்கெட் போடும் முன் ஒப்பந்தத் தேதியைப் பாருங்கள்.

இன்னொன்று: இந்தச் சம்பளத்துக்கு எந்தக் கழிவும் கிடையாது, தனிநபர் வரிவிலக்குத் தொகை உட்பட. வீட்டுக்கடன் வட்டி, தூரப் பயணச் செலவு என்று கழிவுகள் அதிகமுள்ள, சம்பளம் குறைந்த போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய) ஆய்வாளர் சாதாரண வரியையும் போட்டுப் பார்த்துவிட்டே விண்ணப்பிக்கட்டும். பேராசிரியர் சம்பளம் என்றால் யோசிக்கவே வேண்டாம்.